பவர் ஸ்டியரிங் போடுவதற்கு முன், வண்டிக்கு அடியில்

தை மாதம் சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும்போது வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரை என்று எந்தக் கரை ரோட்டில் நின்றாலும் இது கண்ணில் படும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குக் கப்பி ரோடு. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் பழைய ஜீப் பிக்கப் ஒன்று, எதிரே அறுவடை எந்திரம் வந்துவிட்டதால் மதகு ஓரத்தில் ஒதுங்கித் திரும்பவேண்டும். முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி. ஒவ்வொரு முறையும் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை முழு லாக்குக்கு, அதாவது இனித் திரும்பாது என்கிற எல்லைக்கு, கொண்டுபோகவேண்டும். ஓட்டுகிறவர் சீட்டை விட்டு அரைகுறையாக எழுந்து, உடம்புப் பாரத்தையே ஸ்டியரிங் வீலில் போடுவார்.

“பவர் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்ணே” என்பதுதான் பட்டறையில் கிடைக்கிற முதல் யோசனை. தப்பான யோசனை இல்லை. ஆனால் ஸ்டியரிங் கனமாக இருப்பது ஒரு பிரச்சினை, ஆட்டமாக இருப்பது வேறு பிரச்சினை. பவர் ஸ்டியரிங் முதலாவதைத் தீர்க்கும். இரண்டாவதை மூடி மறைக்கும். கனமாக இருந்தவரை ஓட்டுகிறவர் பயந்து மெதுவாகப் போவார். லேசாகிவிட்டால் அதே தேய்ந்த மூட்டுகளோடு தஞ்சாவூர் பைபாஸில் 80-இல் போவார். அதனால் இந்த வேலையைச் சக்கரத்தில் தொடங்கி, கைப்பிடிக்கு வந்து முடிக்கவேண்டும் என்பது என் கட்சி. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்.

ஆக்சிலும் சேசும் நடுவே ஒரு கம்பியும்

இன்றைய கார்களில் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். பழைய ஜீப் வகை வண்டிகளில் அப்படி இல்லை. இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே இரும்பு ஹவுசிங், அதன் மேல் இரண்டு பட்டை ஸ்பிரிங், அதற்கு மேல் வண்டியின் சட்டமான சேஸ். இரண்டு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், அது கிங் பின் என்ற அச்சில் திரும்பும். ரிஜிட் ஆக்சில் என்பது இதுதான். கல்லில் ஒரு சக்கரம் ஏறினால் மறு சக்கரமும் சாயும். சொகுசு குறைவு. ஆனால் பாரம் தாங்கும், சேற்றில் வளையாது, எந்த ஊர்ப் பட்டறையிலும் கழற்றி மாட்டலாம். இத்தனை வருஷம் இந்த வண்டிகள் ஓடுவதற்குக் காரணமே அந்த எளிமைதான்.

ஸ்டியரிங்குக்கு வரும்போது இந்த எளிமையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வீலின் சுற்றைக் கம்பியின் தள்ளலாக மாற்றும் ஸ்டியரிங் பாக்ஸ் சேசில் இருக்கிறது. சக்கரம் ஆக்சிலில் இருக்கிறது. சேஸ் ஸ்பிரிங்குக்கு மேலே, ஆக்சில் கீழே. இரண்டும் எப்போதும் ஒன்றையொன்று விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்த அமைப்பாக இருந்தாலும் எங்கோ ஒரு கம்பி இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலமாகப் போயே தீரவேண்டும். ஆக்சில் மேலே எழும்பும்போது அந்தக் கம்பியின் முனை ஒரு வளைவில் போகும். ஆக்சில் தன் ஸ்பிரிங் சொல்கிற இன்னொரு வளைவில் போகும். இரண்டு வளைவும் ஒத்துப்போனால் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி நேராகப் போகும். ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் வீலைத் தொடாமலே சக்கரம் திரும்பும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் “இழுக்கிறது” என்று சொல்வது பாதி நேரம் இதைத்தான்.

ஸ்டியரிங் மேம்பாடு என்று பேசப்படுகிற எல்லாமே கடைசியில் அந்த ஒரு கம்பியை எங்கே ஓட்டுவது, அதை யார் தள்ளுவது என்ற இரண்டு கேள்விதான்.

கம்பெனி கொடுத்தது என்ன

நம் ஊர் ஜீப்புகளின் பூர்வீகம் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வில்லிஸ் எம்பி. அதன் வழியில் 1953-இல் வந்த சிஜே-3பி. மஹிந்திரா அதை லைசென்ஸ் வாங்கி இங்கே செய்தது. அமெரிக்காவில் 1968-இல் சிஜே-3பி நின்றுபோன பிறகும் இங்கே அதன் வாரிசுகள் வந்துகொண்டே இருந்தன. அந்தச் சேசை நீட்டிப் பின்னால் பெட்டி வைத்தவைதான் நாம் பேசுகிற பிக்கப்புகள்.

அந்த வழியில் வந்த ஸ்டியரிங் அமைப்பு கொஞ்சம் விநோதமானது. பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், முன்னும் பின்னுமாக ஆடும். அது ஒரு டிராக் லிங்க்கைத் தள்ளும். அந்த லிங்க் வண்டியின் முன்பக்க நடுவில் இருக்கிற பெல் கிராங்க் என்ற துண்டைத் திருப்பும். பெல் கிராங்கிலிருந்து இரண்டு டை ராடு பிரிந்து, ஒன்று இடது நக்கிளுக்கு, ஒன்று வலது நக்கிளுக்குப் போகும். எண்ணிப் பாருங்கள்: டிராக் லிங்க்குக்கு இரண்டு முனை, பெல் கிராங்கின் அச்சாணி ஒன்று, டை ராடுகளுக்கு நான்கு முனை. மொத்தம் ஏழு மூட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே எல்லாம் கூடி வீலில் கையகல ஆட்டமாக வந்து நிற்கும். தனியாக ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தால் “பரவாயில்லையே” என்றுதான் தோன்றும். மாட்டிக்கொள்வது அங்கேதான்.

இதில் முதலில் போவது பெரும்பாலும் பெல் கிராங்கின் அச்சாணி. சேறும் தண்ணீரும் நேராக அடிக்கிற இடம். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கிரீஸ் நிப்பிளே துருவேறி அடைத்துக்கொண்டிருக்கும், கிரீஸ் கன்னால் எவ்வளவு அடித்தாலும் உள்ளே ஒன்றும் போகாது. வெளியே வழிகிற கிரீஸைப் பார்த்துவிட்டு “அடிச்சாச்சு” என்று எழுந்துவிடுவார்கள்.

அடுத்தது பாக்ஸ். பழைய ஜீப்பில் இருப்பது ராஸ் வகை. உள்ளே ஒரு திருகுப்பள்ளம் வெட்டிய தண்டு. அந்தப் பள்ளத்தில் ஓடும் இரண்டு கூம்பு முளை கொண்ட ஒரு நெம்புகோல். வீலைத் திருப்பினால் தண்டு சுற்றும், முளைகள் பள்ளத்தைப் பின்பற்றி நகரும், நெம்புகோல் திரும்பும். ராணுவ ஜீப்பின் பாக்ஸில் விகிதம் 14-12-14-க்கு 1. அதாவது டிராப் ஆர்ம் ஒரு பாகை நகர வீல் 12 முதல் 14 பாகை சுற்றினால் போதும். இது வேகமான ஸ்டியரிங். கைக்கு வேகமாக இருந்தால் தோளுக்குக் கனமாகத்தான் இருக்கும். நின்ற வண்டியில் திருப்பும்போது உயிர் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. அதனால் அம்மிக்கல் நடுவில் குழிவதுபோல அந்தப் பள்ளமும் நடுவில்தான் தேயும். ஆட்டம் வந்ததும் பக்கவாட்டு மூடியில் இருக்கிற அட்ஜஸ்ட்மெண்ட் ஸ்குரூவை மெக்கானிக் இறுக்குவார். நடுவில் ஆட்டம் போய்விடும், சரி. ஆனால் தேயாத இரண்டு ஓரத்திலும் முளை இறுகிப் பிடிக்கும். திருப்பத்தில் வீல் திரும்பி வராமல் அங்கேயே நிற்கும். “ஸ்டியரிங் டைட்டாயிடுச்சு, பவர் போடணும்” என்ற பேச்சு பல வண்டிகளில் இந்த ஸ்குரூவில்தான் பிறக்கிறது. இன்னொன்றும் உண்டு: சீல் ஒழுகுகிறது என்று ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டி கிரீஸை அடைத்துவிடுவார்கள். முளை ஒரு தடவை ஒதுக்கிய கிரீஸ் திரும்பப் பள்ளத்துக்கு வராது. மிச்சமிருப்பது இரும்போடு இரும்பு.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. இந்தப் பாக்ஸைச் செய்த ராஸ் கியர் கம்பெனி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லஃபாயெட் என்ற ஊரில் 1906-இல் தொடங்கியது. நிறுவிய டேவிட் ராஸின் பெயர் அங்கே பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் இன்னும் இருக்கிறது. பின்னாளில் அந்தக் கம்பெனி டிஆர்டபிள்யூ என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் போனது. அதே டிஆர்டபிள்யூ, சென்னை ரானே குழுமத்தோடு சேர்ந்து பவர் ஸ்டியரிங் செய்தது. அதன் ஒரு தொழிற்சாலை நம் திருச்சிக்குத் தெற்கே விராலிமலையில். நம் தாத்தா வண்டியின் கனமான பாக்ஸுக்கும், அதை எடுத்துவிட்டு வைக்க ஆசைப்படுகிற லேசான பாக்ஸுக்கும் இப்படி ஒரு தூரத்துச் சொந்தம்.

பத்து நிமிஷம் படுத்துப் பார்க்கவேண்டியது

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. செலவு ஒன்றும் இல்லை, ஒரு பழைய சாக்கு மட்டும் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், ஜாக்கி போடக்கூடாது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டு விரல்கடை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இன்னொருவர் சாக்கை விரித்து அடியில் போய், ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலைக் குறுக்காக வைக்கவேண்டும். பாதி விரல் ஒரு துண்டின் மேல், பாதி அடுத்த துண்டின் மேல். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பாக்ஸில் தொடங்கி ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் போனால், எந்த இடத்தில் அசைவு தொலைகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பாக்ஸை மாட்டியிருக்கிற சேஸ் பகுதியையும் அப்போதே பாருங்கள். வீலை ஆட்டும்போது பாக்ஸே மூச்சு விடுவதுபோல் அசைந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது சேஸ் விரிசல் விட்டிருக்கிறது. சேறும் பெயின்ட்டும் விரிசலை மறைக்கும். வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்காமல் முடிவுசெய்யக்கூடாது.

அப்புறம் ஜாக்கி. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து அசைத்தால் வீல் பேரிங்கும் கிங் பின்னும் தெரியும். உதவியாளர் பிரேக்கை அழுத்தியிருக்கும்போதும் ஆட்டம் போகவில்லையென்றால் அது கிங் பின். ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளம் பட்டதும் முன்பக்கம் முழுவதும் வெடவெடவென்று ஆடி, வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறதே, அந்த ஆட்டத்துக்கு முதல் சந்தேகம் அங்கேதான் போகவேண்டும். குறுக்கே அதிர்வை அடக்கும் டாம்பர் ஒன்று மாட்டினால் ஆட்டம் நிற்கும், உண்மைதான். காய்ச்சல் மாத்திரையும் காய்ச்சலை நிறுத்தத்தான் செய்கிறது. தேய்ந்த கிங் பின் பேரிங்கும், அதன் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடும் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது கோணங்கள். பழைய ஜீப்புக்கு கம்பெனி சொன்ன காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 3 பாகை, டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி ஒடுங்கியிருக்கும் அளவு) ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள். டோ-இன் பார்க்க மிஷின் வேண்டியதில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, டயரின் நடுவில் ஆணி முனையால் ஒரு கோடு விழச் செய்து, வண்டியை இறக்கி, இரண்டு டயரின் கோட்டுக்கும் நடுவே முன்னாலும் பின்னாலும் டேப் பிடித்தால் போதும். பழைய மெக்கானிக்குகள் இப்படித்தான் பார்த்தார்கள், சரியாகவும் இருந்தது.

காஸ்டர் விஷயத்தில் பிக்கப்புக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது. நெல் மூட்டையும் தேங்காயும் ஏற்றவேண்டும் என்று பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு வைத்திருப்பார்கள். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மொத்த வண்டியும் மூக்கு கவிழ்ந்து நிற்பதால் காஸ்டர் குறையும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 100 அங்குலம் இருக்கிற வண்டியில் பின்பக்கம் 2 அங்குலம் உயர்ந்தால் 1 பாகைக்கு மேல் போய்விடும், இருந்ததே 3. பாரம் ஏற்றினால் நேராகப் போகிற வண்டி, காலியாகத் திரும்பி வரும்போது ரோட்டில் அலைபாய்வதன் ரகசியம் இது. முன் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரியான கோணத்தில் ஓர் ஆப்பு வைத்தால் தீர்கிற விஷயம். ஆனால் காஸ்டரைக் கூட்டக் கூட்ட ஸ்டியரிங் கனக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

டயரைப் பற்றி ஒரு வரி. ஆதியில் இந்த வண்டிகளுக்கு வந்தது ஒல்லியான 6.00-16. அதை எடுத்துவிட்டு அகல டயரும் வெளியே துருத்துகிற ரிம்மும் போட்டவர்கள், ஸ்டியரிங் கனக்கிறது என்று பாக்ஸைக் குறைசொல்வது நியாயமே இல்லை. ரிம் வெளியே வர வர, திரும்பும்போது டயர் தரையில் தேய்ந்து நகரவேண்டிய தூரம் கூடுகிறது.

இதையெல்லாம் சரிசெய்தபின் ஓட்டிப் பாருங்கள். கணிசமான பேருக்கு ஆசை இங்கேயே தீர்ந்துவிடும். மிச்சப்பேருக்குத்தான் மேற்கொண்டு.

கம்பியை மாற்றிப் போடுவது

அமெரிக்காவில் ஜீப்பே 1972-இல் பெல் கிராங்க்கைக் கைவிட்டது. ராஸ் பாக்ஸுக்குப் பதில் சாகினா என்ற கம்பெனியின் குண்டு சுழலும் பாக்ஸ் வந்தது. திருகுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருள்வதால் உராய்வு குறைவு. இரண்டு துண்டு டை ராடு போய், இரண்டு நக்கிளையும் நேராக இணைக்கிற ஒரே டை ராடு வந்தது. ஏழு மூட்டு நான்காகக் குறைந்தது. இன்று பழைய பிக்கப்புகளுக்குச் செய்கிற மேம்பாடு பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான் கையால் திரும்பச் செய்வது.

முறை இதுதான்: பாக்ஸைச் சேசின் முன்பகுதியில் கொண்டுபோய் வைத்து, டிராப் ஆர்ம் பக்கவாட்டில் ஆடும்படி செய்து, டிராக் லிங்க்கைக் குறுக்கே ஓட்டி எதிர்ப்பக்க நக்கிளில் மாட்டுவது. கம்பி நீளமாக, ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கும். நீளமான கம்பியின் வளைவு தட்டையாக இருப்பதால் ஆக்சில் எழும்பி இறங்கும்போது பக்கவாட்டில் நகர்வது மிகக் குறைவு. முன்னே சொன்ன அந்த வளைவுச் சண்டை பெரும்பாலும் முடிந்துபோகிறது. வண்டியை ஏற்றம் கட்டி உயர்த்தியிருந்தால் கம்பி செங்குத்தாகச் சாய்ந்து சண்டை மறுபடி வந்துவிடும்.

நம் ஊரில் கவனிக்கவேண்டியது, அமெரிக்க வழிமுறைகள் எல்லாம் இடதுபக்க ஸ்டியரிங்குக்கு எழுதியவை. மஹிந்திராவின் பழைய ஜீப்புகளிலும் இடதுபக்க ஸ்டியரிங் நிறைய உண்டு. அவற்றுக்கு அப்படியே பொருந்தும். வலதுபக்க வண்டிக்குப் பாக்ஸ் வலது சேசில் வரவேண்டும், கம்பி இடது நக்கிளுக்குப் போகவேண்டும். ஜீப் வழி வந்த முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியலும் வலதுபக்கம் தள்ளித்தான் இருக்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது டிராக் லிங்க் அதன் மேல் இடிக்காமல் இருக்கவேண்டும். பட்டறையில் வண்டி காலியாக நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதாது. ஸ்பிரிங்கைத் தடுப்பு ரப்பர் வரை அமுக்கிவைத்து, இரண்டு பக்கமும் முழு லாக் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. குறுக்குக் கம்பி வந்தபின், சேஸ் ஆக்சிலுக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவே ஸ்டியரிங் திருப்பியதற்குச் சமம். பட்டை ஸ்பிரிங்கின் புஷ்ஷும் ஷாக்கிளும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்க ஆட்டம் நேராக வீலுக்கு வரும். முன்பு ஸ்பிரிங் கோளாறாக இருந்தது இப்போது ஸ்டியரிங் கோளாறாகிவிடும். புது பாக்ஸுக்குக் கொடுக்கிற காசில் ஒரு சிறு பங்கு புஷ்ஷுக்குப் போகட்டும்.

நக்கிள் ஆர்மில் புது முனை மாட்டும் வேலையில் பட்டறைக்காரரின் தரம் தெரிந்துவிடும். டை ராடு எண்டின் தண்டு கூம்பானது. அது உட்காரும் துளையும் அதே கூம்பாக, டேப்பர் ரீமரால் குடையப்பட்டிருக்கவேண்டும். நேர்த்துளை போட்டு வாஷர் வைத்து நட்டை முறுக்கினால் அன்றைக்கு ஓடும். ஒருநாள் தண்டு கழுத்தில் முறியும். அதேபோல டிராப் ஆர்மையும் நக்கிள் ஆர்மையும் உலையில் காய்ச்சி வளைப்பது, வெட்டி வெல்டிங் வைப்பது இரண்டும் கூடவே கூடாது. அவை அச்சில் அடித்துப் பதப்படுத்திய துண்டுகள். காய்ச்சினால் பதம் போய்விடும். வளைக்கவேண்டிய கட்டாயம் வந்தால் பாக்ஸ் தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

யார் தள்ளுவது

பவர் ஸ்டியரிங் புதிய சரக்கு அல்ல. பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1920-களிலேயே ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்தது 1951-இல், கிரைஸ்லரின் இம்பீரியல் காரில். அமைப்பு இன்றும் ஏறக்குறைய அதேதான். எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப் ஆயிலை அழுத்துகிறது. பாக்ஸுக்குள் மெல்லிய முறுக்குத் தண்டு ஒன்று, நீங்கள் வீலில் கொடுக்கிற பலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் முறுகும். அந்த முறுகல் ஒரு வால்வைத் திறந்து, பிஸ்டனின் எந்தப் பக்கம் ஆயில் போகவேண்டும் என்று முடிவுசெய்யும்.

பலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ, பிஸ்டன் விட்டம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். 2,800 கிலோ விசை. டிராப் ஆர்மின் நீளத்தால் குறைந்து வந்தாலும் கம்பியில் சில நூறு கிலோ நிற்கும். அந்த விசையைச் சேஸ் எதிர்த்துத் தாங்கவேண்டும். மனிதத் தோளுக்காகச் செய்த, மெல்லிய தகடு மடித்த, முப்பது நாற்பது வருஷம் துருவோடு வாழ்ந்த சேஸ் இது. பாக்ஸின் போல்ட் போகிற இடத்தில் சேசுக்குள் குழாய்த்துண்டு வைத்து, போல்ட் இறுக்கும்போது தகடு நசுங்காமல் செய்யவேண்டும். வெளியே கனத்த தகடு, அங்கிருந்து எதிர்ச் சேசுக்கு ஒரு குறுக்குத் தாங்கி. இதைச் செய்யாத வண்டிகளில் விரிசல் பாக்ஸ் போல்ட்டைச் சுற்றித்தான் தொடங்கும்.

எந்தப் பாக்ஸ்? நம் பக்கம் பட்டறைகளில் அதிகம் கேட்கிற பெயர் மஹிந்திரா பொலேரோ. உதிரி சுலபம், பம்ப், ஹோஸ் எல்லாம் எங்கும் கிடைக்கும். மஹிந்திரா டீசல் ஜீப்புகளின் எஞ்சினும் ஆரம்பகால பொலேரோ எஞ்சினும் பெஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி வழி வந்தவை என்பதால் பம்ப் மாட்டும் பிராக்கெட்டுக்கு அதிகம் அலையவேண்டியிருக்காது. பழைய பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள்தான் பிராக்கெட்டுக்கு லேத் வாசலில் நிற்கவேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்று பார்க்கவேண்டும்: அது வலதுபக்க வண்டியினுடையதா, டிராப் ஆர்ம் எந்தப் பக்கம் ஆடுகிறது, பாக்ஸ் எந்த நிலையில் மாட்டப்பட்டிருந்தது. தலைகீழாக மாட்டினால் வீலை வலப்பக்கம் திருப்பச் சக்கரம் இடப்பக்கம் போகும். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான்.

பாக்ஸ் முன்னே போனதால் வீல் தண்டை நீட்டவேண்டிவரும். நடுவில் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட். இரண்டின் கவைகளும் ஒரே வாக்கில் இருக்கவேண்டும், இரண்டின் சாய்வுக் கோணமும் சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுற்றில் இரண்டு முறை கனமும் இரண்டு முறை லேசுமாக வீல் தடுமாறும். மூன்று ஜாயிண்ட் போட்டால் நடுத்தண்டுக்கு ஒரு தாங்கு பேரிங் கட்டாயம்.

கடைசியில் லாக். நக்கிளில் இருக்கிற தடுப்பு போல்ட் முதலில் முட்டவேண்டும், அதற்குப் பிறகும் பாக்ஸுக்குள் கொஞ்சம் ஓட்டம் மிச்சமிருக்கவேண்டும். மாறிப்போனால் பாக்ஸ் ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் தன்னையே இடித்துக்கொள்ளும். கரை ரோட்டில் திருப்பும்போது முழு லாக்கில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிற பழைய பழக்கத்தையும் விடவேண்டும். அந்த நேரமெல்லாம் பம்ப் உச்ச அழுத்தத்தில் முனகிக்கொண்டு ஆயிலைக் கொதிக்கவைக்கிறது.

இப்போது இன்னொரு வழி பரவுகிறது. ஆல்டோ, வேகன்-ஆர் வண்டிகளின் எலக்ட்ரிக் ஸ்டியரிங் தண்டை எடுத்து டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டுவது. பம்ப் இல்லை, ஹோஸ் இல்லை, ஒழுகல் இல்லை, சேசில் கைவைக்கவேண்டியதும் இல்லை. மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்கள் இதை நிறையச் செய்கிறார்கள். கவர்ச்சியான வழிதான். ஆனால் மோட்டார் உதவுவது வீல் தண்டுக்கு. அந்தப் பலம் முழுவதும் பழைய ராஸ் பாக்ஸ் வழியாகத்தான் கீழே போகிறது. தோள் கொடுத்த பலத்தைத் தாங்கவே தேய்ந்துபோன அந்த இரண்டு முளையும் இனி மோட்டார் பலத்தையும் தாங்கவேண்டும். தேங்கிய சேற்றிலோ கோடையில் வெடித்த களிமண் பிளவிலோ சக்கரம் மாட்டியிருக்கும்போது லேசாகத் திரும்புகிறதே என்று வீலை ஒடித்தால், உடைவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் பார்க்கவேண்டும். நின்ற வண்டியில் திருப்பும்போது 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் இழுத்தால் அது 480 வாட். பழைய டைனமோ இரவில் ஹெட்லைட்டோடு இதையும் சமாளிக்காது. நல்ல ஆல்டர்னேட்டரும் கனத்த வயரும் தனி ஃபியூஸும் வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வேகத் தகவல் போகாவிட்டால், வேகத்துக்கு ஏற்ப உதவியைக் குறைக்கிற வேலை நடக்காது. 70-இல் போகும்போதும் ஸ்டியரிங் பார்க்கிங்கில் இருப்பதுபோலவே பஞ்சாக இருக்கும்.

என் தேர்வு கேட்டால், மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு ஹைட்ராலிக் பாக்ஸும் குறுக்குக் கம்பியும். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய்வர வைத்திருக்கிற, அடிப்பாகம் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு எலக்ட்ரிக் தண்டு போதும். இரண்டும் வேண்டாம் என்றால், விகிதம் கூடிய, பவர் இல்லாத குண்டு சுழலும் பாக்ஸ். சாகினாவின் சாதாரணப் பாக்ஸில் விகிதம் 24-க்கு 1 வரை உண்டு. சுற்று கூடும், தோள் வலி குறையும். மதகு முனையில் நாலு சுற்று கூடச் சுற்றினால் குடி முழுகிவிடாது.

ஆர்டிஓ வாசலில்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆவது விதி ஸ்டியரிங்குக்கு உரியது. வீலில் வெற்று ஆட்டம் 30 பாகைக்கு மேல் இருக்கக்கூடாது. மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கவேண்டும். 17 அங்குல வீலில் 30 பாகை என்பது விளிம்பில் ஏறக்குறைய நாலரை அங்குலம். ரொம்பத் தாராளமான கணக்கு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுச் சோதனையில் தேறிவிட்டது என்பதால் ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. இடதுபக்க ஸ்டியரிங்கை வலதுபக்கத்துக்குக் கொண்டுவருவது, சேசை வெட்டி ஒட்டுவது போன்றவற்றில் இறங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுவது நல்லது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் பதிய நினைப்பவர்களுக்கு இன்னும் கறார்: சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது, அப்படிப் பதிந்த வண்டியில் நெல் ஏற்றவும் முடியாது. அவர்கள் சேசில் புதுத்துளை போடாமல், ராஸ் பாக்ஸையே புது முளையும் புது சீலும் போட்டுச் சரியான ஆயில் ஊற்றி ஓட்டுவதே வழி.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் முதல் நூறு கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் ஒருமுறை திரும்ப இறுக்கி, நட்டு கழலாமல் பூட்டுகிற பின்னூசி சரியாக மடக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பாத்திரத்தில் நுரை தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவைத்து, லாக்கிலிருந்து லாக்குக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் குமிழி மேலே வந்துவிடும். குமிழி நின்றபிறகு எஞ்சினை ஓட்டி, அளவு குறைந்திருந்தால் ஊற்றி, ஒருநாள் விட்டு மறுபடி பாருங்கள்.